மூணு சென்டிமீட்டர் போதும்

போன எபிசோட்ல கார் சாஃப்ட்வேர் அப்டேட் பத்திப் பேசும்போது, "என் டஸ்டரைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கேன்"னு போகிற போக்கில் சொல்லிட்டேன். மத்த எல்லாத்தையும் விட்டுட்டு நிறைய பேர் பிடிச்சுக்கிட்டது அந்த ஒரு வரியைத்தான். எத்தனை இன்ச்? எந்த கிட்? ட்யூஃப்ல எப்படி விட்டாங்க? தனித்தனியா பதில் சொல்றதைவிட இங்கேயே எழுதிடறேன்.

முடிவை முதல்லயே சொல்லிடலாம். ஆபீஸுக்கும் குழந்தையோட பள்ளிக்கூடத்துக்கும் தினமும் ஓடற எஸ்யூவிக்கு 30 மில்லிமீட்டர் போதும். அதுவும் அளந்து பார்த்து, தேவைன்னு தெரிஞ்சா மட்டும். இது எனக்குப் புரியறதுக்கு முன்னாடி ஒரு பெரிய தப்பு பண்ணேன்.

நாங்க இருக்கிறது ஸ்வேபிஷ் ஆல்ப் மலைப்பக்கம் ஒரு கிராமம். கிளையன்ட் ஆபீஸ் ஸ்டுட்கார்ட்டில். வாரத்துல மூணு நாள் ஏ8 ஆட்டோபானில் ஓட்டணும். வீட்டுக்குப் போற கடைசி 400 மீட்டர் ஜல்லி ரோடு. குளிர்காலத்துல பனி வழிக்கிற வண்டி வந்துட்டுப் போனா, எங்க வாசலுக்குக் குறுக்கே வயல் வரப்பு மாதிரி பனி கெட்டிப்பட்டு நிக்கும். அதைத் தாண்டும்போது அடியில கறகறன்னு சத்தம். வண்டி ரெண்டாம் தலைமுறை டஸ்டர், ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி கணக்குப்படி தரைக்கும் வண்டிக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கு. அப்படியும் உரசுது.

ஐடிக்காரன் புத்தி எப்படிப் போகும்? பிரச்சினையை முழுசா பார்க்காமலே தீர்வைத் தேட ஆரம்பிச்சேன். இணையத்துல ஒரு கடையில 50 மில்லிமீட்டர் ஸ்பேசர் கிட் கிடைச்சது. ஸ்பிரிங்கை மாத்த வேண்டாம். ஸ்ட்ரட்டுக்கு மேல ஒரு கட்டையை வச்சு போல்ட் போட்டா முடிஞ்சது. "ஜெர்மனிக்கான சான்றிதழோடு"ன்னு போட்டிருந்தாங்க. நண்பனோட ஷெட்ல ஒரு சனிக்கிழமை மாட்டினோம். வண்டி பார்க்க அட்டகாசமா இருந்தது. உண்மையைச் சொல்லணும்ல.

அடுத்த வாரம் உல்ம் பக்கம் போயிட்டுத் திரும்பி வரோம். பின்சீட்ல மகள், பக்கத்துல மனைவி. ஏ8 மலையிலிருந்து இறங்கற இடத்துல ஒரு லாரி திடீர்னு எங்க லேனுக்குள்ள வந்தது. இடது பக்கம் ஒடிச்சு, திரும்ப வலது பக்கம் கொண்டு வந்தேன். எத்தனையோ முறை செஞ்சதுதான். ஆனா இந்த முறை வண்டி ஒரு பக்கம் சாய்ஞ்சு, நிமிர யோசிச்சு, மறுபக்கம் சாய்ஞ்சது. ஈஎஸ்பி விளக்கு மினுக்கிச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் மனைவி, "ஏங்க, இது கப்பல் மாதிரி ஆடுது. பாப்பாவை இதுல ஏத்தாதீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் பரிசோதனை நிலையத்துக்கே போனேன். இதுவே ரெண்டாவது தப்பு. மாட்டினதும் முதல் பயணம் அங்கேதான் இருந்திருக்கணும். இன்ஜினியர் என் காகிதத்தைப் படிச்சுட்டு அமைதியா கேட்டார்: "இந்த இரும்பு உடையாதுன்னு இதுல எழுதியிருக்கு. உங்க கார் எப்படித் திரும்பும்னு எங்கே எழுதியிருக்கு?" என் கையில இருந்தது பொருளோட வலிமைக்கான சான்று மட்டும்தான். இந்த மாடல் காருக்கு, இந்த டயர் அளவுக்கு, இந்த உயரத்துல சோதிச்சோம்னு சொல்ற டைல்குட்டாக்டன் கிடையாது.

இங்கே வண்டி வச்சிருக்கிற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது, எஸ்டிவிஇஸட்ஓ சட்டத்தோட 19-வது பிரிவு. ஆபத்து வரக்கூடிய மாற்றம் ஒண்ணைச் செஞ்சா வண்டியோட பெட்ரீப்ஸ்எர்லாப்னிஸ், அதாவது ரோட்டுல ஓட்டறதுக்கான அனுமதியே போயிடும். சரியான ஆவணம் இருந்து, அதுல சொன்னபடி மாட்டி, உடனே பரிசோதிச்சு உறுதி வாங்கினா அனுமதி நிக்கும். அது இல்லாம விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரர் முதல்ல கேட்கிற கேள்வியே இதுவாத்தான் இருக்கும். மலை இறக்கத்துல அன்னைக்கு நான் ஓட்டினது அப்படி ஒரு வண்டியை, குழந்தையைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு.

கட்டைகளைக் கழட்டினேன். அப்புறம்தான் முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன்: டேப்பை எடுத்து அளந்தேன். சக்கரத்தோட மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும், நாலு மூலையிலும். முதல்ல காலி வண்டி. அப்புறம் மூணு பேர், சனிக்கிழமை மளிகை, பின்னாடி சைக்கிள் ஸ்டாண்டு, ரெண்டு சைக்கிள். முன்பக்கம் பெருசா மாறலை. பின்பக்கம் 6 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, உரசின தடம் எல்லாம் பின்பக்கம், இழுவைக் கொக்கியைச் சுத்தி. வண்டி குள்ளமா இல்லை. சுமை ஏத்தினா பின்னாடி உட்காருது. ரெண்டும் வேற வேற பக். நான் முதல் பக்குக்கு பேட்ச் போட்டு, ரெண்டாவதை அப்படியே விட்டு வச்சிருந்தேன்.

ஸ்பேசருக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் வருது. ஸ்ட்ரட்டுக்கு மேல கட்டை வச்சா, சக்கரம் பள்ளத்துல தொங்கும்போது ஃபேக்டரி நினைச்ச எல்லையைவிட 5 சென்டிமீட்டர் கீழே போகும். டிரைவ் ஷாஃப்ட்டோட சிவி ஜாயின்ட் வடிவமைப்பை மீறின கோணத்துல சுத்தும். அதே ஸ்ட்ரட்டுல 30 மில்லிமீட்டர் உயரமான ஸ்பிரிங் போட்டா, சக்கரம் தொங்கற எல்லை மாறாது. கீழ்நோக்கிப் போற இடம் 3 சென்டிமீட்டர் குறையும், அவ்வளவுதான். சுமைக்கு ஏத்த மாதிரி கெட்டியாகற ஸ்பிரிங்கா இருந்தா பின்பக்கம் உட்கார்றதும் குறையும்.

உயரம் ஏறினா என்ன ஆகும்ங்கறதை எண்ணில பார்ப்போம். அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு வண்டி கவிழும் அபாயத்தைக் கணிக்க ஒரு எளிய விகிதத்தைப் பயன்படுத்துது: ரெண்டு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தோட உயரத்தால் வகுக்கணும். அகலம் 1.56 மீட்டர், மையம் 65 சென்டிமீட்டர் உயரத்துல இருக்குன்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குங்க. விகிதம் 1.20. வண்டியை 3 சென்டிமீட்டர் உயர்த்தி, மையமும் அதே அளவு ஏறினா 1.15. ஊர்ல சொல்ற மூணு இன்ச், அதாவது சுமார் 7.5 சென்டிமீட்டர் ஏத்தினா 1.08. எண் குறையக் குறைய வண்டி சீக்கிரம் கவிழும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 1997 அக்டோபர்ல ஸ்வீடனோட டெக்னிகென்ஸ் வேர்ல்ட் பத்திரிகை, புதுசா வந்த மெர்சிடிஸ் ஏ கிளாஸை ஒரு சடன் லேன் மாற்றத்துல சோதிச்சப்போ அது கவிழ்ந்தது. விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, எல்லா ஏ கிளாஸிலும் ஈஎஸ்பியைச் சேர்த்த பிறகுதான் மெர்சிடிஸ் திரும்ப வித்தது. அந்த ஈஎஸ்பி ஒரு சாஃப்ட்வேர்ங்கறதை நம்ம ஆளுங்க மறக்கக் கூடாது. ஃபேக்டரியில ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கும் எடைக்கும் டியூன் பண்ணது. ஹார்டுவேரை மாத்திட்டு கான்ஃபிக் ஃபைலைத் தொடாம விட்டா புரொடக்‌ஷன்ல என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புது வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு சிக்கல். 2024 ஜூலை 7-லிருந்து ஐரோப்பிய யூனியன்ல புதுசா பதிவாகிற கார் எல்லாத்துக்கும் தானியங்கி அவசர பிரேக்கும், லேனை விட்டு விலகினா தடுக்கிற வசதியும் கட்டாயம். கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற கேமராதான் பெரும்பாலும் அதோட கண். முன்பக்கம் 30, பின்பக்கம் 20 மில்லிமீட்டர்னு ஏத்தினா, 2.67 மீட்டர் வீல்பேஸ்ல அந்தப் பார்வை 100 மீட்டர் தூரத்துல 37 சென்டிமீட்டர் மேலே போயிடும். ஹெட்லைட்டுக்கும் இதே கதை. எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். அதனால உயர்த்தினா வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம், கேமரா இருந்தா அதோட கேலிப்ரேஷன் மூணையும் செலவுக் கணக்குல முதல்லயே சேர்த்துக்குங்க.

"டயரை மட்டும் பெருசாக்கினா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். 215/65 ஆர்16-லிருந்து 215/70 ஆர்16-க்குப் போனா விட்டம் 21.5 மில்லிமீட்டர் கூடும். வண்டி ஏறறது அதுல பாதிதான். ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் தள்ளிப் போகும், டயர் அளவுக்கும் அனுமதி வேணும். அளவை மாத்தாம நல்ல டயர் போடறதே மேல். கரடுமுரடான ஆல் டெரைன் டயர் வாங்கறவங்க, பக்கவாட்டுல மலையும் பனித்துளியும் சேர்ந்த முத்திரை இருக்கான்னு பாருங்க. 2024 அக்டோபர்லிருந்து பனிக்காலத்துக்கு எம்+எஸ் எழுத்து மட்டும் போதாது.

கடைசியில நான் வாங்கினது ஜெர்மன் தயாரிப்பு ஸ்பிரிங் செட், நாலு பக்கமும் 30 மில்லிமீட்டர். ஐபாக் இருக்கிற ஃபின்னென்ட்ராப், எச் அண்ட் ஆர் இருக்கிற லென்னெஸ்டாட் ரெண்டும் ஸாவர்லாண்டுல பக்கத்துப் பக்கத்து ஊர். எந்த பிராண்டா இருந்தாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஆவணத்தோட பிடிஎஃப் கேட்டு வாங்குங்க. உங்க காரோட டைப் எண், டயர் அளவு, அச்சு எடை மூணும் அதுல இருக்கணும். இல்லைன்னா வாங்காதீங்க. வாசல்ல பனி இப்பவும் நிக்குது. ஏத்தின சுமையோட தாண்டும்போது சத்தம் வரலை.

நம்ம ஊர் நண்பர்கள், "அங்கே இதுக்குக்கூட பேப்பரா?"ன்னு சிரிக்கறாங்க. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு இன்னும் கறார். தயாரிப்பாளரோட மூல அளவுகளுக்கு மாறா மாற்றம் செய்யக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்திச்சு. ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொண்ணும் ஒரு உயரத்துல இருக்கிற ஊர்ல வண்டியை ஏத்த நியாயமான காரணமாவது இருக்கு. இங்கே காட்டுப் பாதையில நடக்கத்தான் உரிமை. கார் ஓட்ட அனுமதி வேணும். அப்போ 50 மில்லிமீட்டர் யாருக்காக? எனக்குத் தெரிஞ்ச பதில், பார்க்கிங்ல நிக்கிறப்போ பார்க்கிறவங்களுக்காக. அந்தக் கட்டை இருந்த வாரத்துல முட்டி வலியோட ஊர்லிருந்து வந்திருந்த அம்மா, சீட்ல ஏறறதுக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதை நான் கவனிச்சதே கட்டையைக் கழட்டின பிறகுதான்.

1865-ல மன்ஹைம்ல ஒரு பீர் ஆலையோட நீராவிக் கொதிகலன் வெடிச்சது. அடுத்த வருஷம் கொதிகலன் வச்சிருந்தவங்களே ஒண்ணா சேர்ந்து, சுயேச்சையா ஒருத்தர் வந்து சோதிக்கட்டும்னு சங்கம் அமைச்சாங்க. ட்யூஃபோட தொடக்கம் அதுதான். நம்ம வேலையில இதுக்குப் பேர் கோட் ரிவ்யூ. எனக்கு ரிவ்யூ பண்ண அந்த இன்ஜினியருக்கு நான் கடன்பட்டிருக்கேன்.

இந்த வாரம் யாராவது லிஃப்ட் கிட்டை கார்ட்ல போட்டு வச்சிருந்தீங்கன்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துட்டு பார்க்கிங் போங்க. காலியா ஒரு தடவை, குடும்பத்தை ஏத்திட்டு ஒரு தடவை. அளவு என்ன வந்ததுன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.