குளிர் கடன் வாங்கும், வெயில் பறித்துக்கொள்ளும்



ஒரு சார்ஜில் மின்சாரக் கார் இவ்வளவு தூரம் ஓடும் என்று விளம்பரங்கள் சொல்வது சோதனைக்கூடக் கணக்கு. சாலையில் கதை வேறு. அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏ.ஏ.ஏ. 2019-இல் ஐந்து கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டபோது தூரம் சராசரியாக 41 சதவீதம் சரிந்தது. 35 டிகிரியில் ஏசி போட்டபோது 17 சதவீதம்.

குளிரில் குறைந்தது வெப்பம் ஏறினால் திரும்பிவிடும். வெயிலில் பேட்டரி தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸில் 2012-லேயே நிசான் லீஃப் கார்களின் பேட்டரித் திறன் மளமளவெனக் குறைந்தது. பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை. பின்னர் நிசான் நிறுவனம் 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குத் திறன் உத்தரவாதம் அளித்தது.

எனவே பழைய மின்சாரக் கார் விற்போர், ஓடிய கிலோமீட்டருடன் பேட்டரியில் எஞ்சிய திறனையும் எழுத்தில் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

– ஒரு வாசகர்