மீனைப் பிடித்தவரே கழுவவும் வேண்டும்!

ஐம்பது வயது தாண்டியதும் பலருக்கு ஓர் ஆசை வருகிறது. "போதும் இந்த உத்தியோகம். சீக்கிரமே ரிட்டையர் ஆகிவிடுவோம். தோட்டம் போடலாம். தூண்டில் போட்டு மீன் பிடிக்கலாம். பெண்டாட்டி, பிள்ளைகளுடன் சந்தோஷமாக இருக்கலாம்" என்று நினைக்கிறார்கள்.

நல்ல ஆசைதான். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மாடம்பாக்கம். பழைய ஊர். தேனுபுரீஸ்வரர் கோவில் சோழர் காலத்துக் கோவில். பெரிய ஏரியும் உண்டு. 2021-ம் ஆண்டு இந்த ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊரைச் சுற்றிலும் வீடுகள் முளைத்துவிட்டன.

அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். டெலிபோன் உத்தியோகம் பார்த்தவர். 2020-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் சுமார் 78 ஆயிரம் பேர் ஒரே நாளில் விருப்ப ஓய்வு பெற்றார்கள் அல்லவா? அவர்களில் இவரும் ஒருவர். 50 வயது ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு கொடுக்கப்பட்டது. இவருக்கு அப்போது 53.

இரண்டே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. வெளியே போக முடியாது. மனிதர் வீட்டையே ஆபீஸ் ஆக்கிவிட்டார்! பத்து மணிக்கு ஒரு காபி. பதினொன்றரைக்கு இன்னொரு காபி. "குழம்பில் ஏன் இவ்வளவு எண்ணெய்?" என்று அதிகாரம். "பருப்பு டப்பாவை ஏன் இங்கே வைத்தாய்?" என்று விசாரணை.

ஒரு நாள் அந்த அம்மாள் சொன்னார்:

"ஏங்க, ரிட்டையர் ஆனது நீங்க. வேலை ரெட்டிப்பு ஆனது எனக்கு!"

மண்வெட்டி கைக்கு வந்தது

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

அவருடைய மனை ஒரு கிரவுண்டு. பாதியில் வீடு. மீதி இடத்தில் சிமெண்டு போட்டு மூடுவதாக இருந்தார். பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான். ஒரு துளி மண் தெரிவது இல்லை. மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது. கோடை வந்தால் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறார்கள். இது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை.

நல்ல வேளை, இவர் சிமெண்டு போடவில்லை. இப்போது அந்த இடத்தில் வெண்டை இருக்கிறது. கத்தரி இருக்கிறது. புடலங்கொடி பந்தலில் ஏறி இருக்கிறது. ஓரத்தில் முருங்கை.

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று புத்தகத்தில் படிக்கிறோம். தோட்டக்காரனுக்கு அது முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. தையில் விதை ஊன்ற வேண்டும். மாசியில் களை எடுக்க வேண்டும். பங்குனியில் காய் பறிக்கலாம். மாமரத்தில் பிஞ்சு தொங்கும். வேம்பு பூக்கும். குயில் கூவும். வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு, பாத்தியில் குனிந்து நிற்கும் சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லித் தெரிய வைக்க முடியாது.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் கீரையில் தொடங்குங்கள். நாலு வாரத்தில் பறித்துவிடலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். செடியின் அடியில் பரப்பி வையுங்கள். ஈரம் காயாது. பிறகு அதுவே மக்கி எரு ஆகிவிடும்.

தூண்டில் போடும் நேரம்

ஈர மண்ணைக் கிளறினால் மண்புழு கிடைக்கிறது. மண்புழு கிடைத்தால் தூண்டில் ஞாபகம் வராமல் இருக்குமா?

வேனிலில் ஏரி, குட்டைகளில் தண்ணீர் வற்றும். மீன்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும். தூண்டிலுக்குக் கெண்டை வரும், கெளுத்தி வரும். ஜிலேபி மீன் நிறைய வரும். இந்த ஜிலேபி நம் ஊர் மீனே அல்ல. ஆப்பிரிக்கா மீன். 1952-ம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது இது இல்லாத குட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

விரால் மீன் வேறு ரகம். தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். "குஞ்சோடு திரிகிற விராலுக்கு நான் தூண்டில் போடுவது இல்லை, தம்பி" என்றார் நம் நண்பர். அவரிடம் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். குத்தகை எடுத்தவரைக் கேட்காமல் தூண்டில் போடக்கூடாது. சாக்கடை கலக்கும் தண்ணீரில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது. ஏரியைப் பாழாக்கிவிட்டு, ரிட்டையர் ஆனபின் மீன் பிடிக்கலாம் என்று கனவு கண்டு என்ன பயன்? மாடம்பாக்கம் ஏரியில் உள்ள கிணறுகளில் இருந்து குடிதண்ணீரும் எடுக்கிறார்கள். அதையும் மறக்கக்கூடாது.

பணம் வேண்டாமா?

"பேச்சு நன்றாக இருக்கிறது. சோற்றுக்கு என்ன வழி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

1889-ம் ஆண்டு ஜெர்மனியில் வயோதிகர்களுக்குப் பென்ஷன் சட்டம் போட்டார்கள். அதை வாங்க 70 வயது ஆக வேண்டும். நம் நாட்டில் சுதந்திரம் வந்தபோது சராசரி ஆயுளே சுமார் 32 வருஷம்தான். இப்போது 70 ஆகிவிட்டது. ஐம்பதில் வேலையை விட்டால், இன்னும் 20, 30 வருஷத்துக்குச் சோறு வேண்டும். தமிழக அரசு வேலையில் 2003-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் சேர்ந்தவர்களுக்கு, பழைய பென்ஷனுக்குப் பதிலாகப் பங்களிப்புத் திட்டம் வந்தது. தனியார் கம்பெனிக்காரர் பாடு இன்னும் கஷ்டம். கடன் தீராமல், பெண்ணின் படிப்பு முடியாமல் வேலையை விடுகிறவரை நான் பாராட்ட மாட்டேன். புடலங்காய் விற்று வீட்டுக் கடன் அடைக்க முடியாது.

அந்த நிபந்தனை

பணம் இருந்தாலும் நிபந்தனை உண்டு என்றேனே, அது இதுதான். புருஷனுக்கு 53 வயதில் ஓய்வு. மனைவிக்கு எத்தனை வயதில்? அவளுக்குப் பென்ஷனும் இல்லை, ரிட்டையரும் இல்லை. தோட்டத்தில் பறித்த கீரையை ஆய்வது யார்? பிடித்து வந்த மீனைக் கழுவுவது யார்? சேற்றுக் காலோடு அவர் நடந்து வந்தால், தரையைத் துடைப்பது யார்? இவருடைய பொழுதுபோக்கு அவளுக்கு வேலை ஆகிவிடக்கூடாது. அப்படி ஆனால், அவர் ஆபீசிலேயே இருந்திருக்கலாம்!

நம் நண்பருக்கு இது உடனே புரியவில்லை. முதல் தடவை பத்துக் கெண்டையைப் பிடித்துவந்து, பெருமையாக அடுக்களையில் வைத்தார். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை மீன் அப்படியே கிடந்தது. நாற்றம் அடித்தது. இவரே எடுத்துப்போய்த் தென்னைக்கு அடியில் புதைத்தார். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து இருந்தார். முன்னால் அரிவாள்மனை. பக்கத்தில் கல் உப்பு. கெண்டையின் செதிலைச் சுரண்டிக்கொண்டு இருந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் தண்ணீர் ஊற்றினாள்.

"அம்மா எங்கே?" என்று கேட்டேன்.

மீன் கையாலேயே வாசலைக் காட்டினார். அங்கே அந்த அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, பேப்பர் படித்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"நீ உட்காரு. தம்பிக்கு நான் காபி போடுகிறேன்" என்று கொல்லையில் இருந்து குரல் வந்தது.

காபியில் கொஞ்சம் மீன் வாசனை அடித்தது. குடித்துவிட்டேன்.