புகைக்குப் பரிசோதனை உண்டு, பிரேக்குக்கு?

நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்குப் போனாலும், பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ திரும்பினாலும் வளைவும் இறக்கமும்தான். இந்த ஊரில் கார் வைத்திருப்பவர் பெற்றோலைப் பார்ப்பதுபோல் பிரேக் ஒயிலையும் பார்க்க வேண்டும். பார்ப்பவர் குறைவு.

அந்த ஒயிலுக்கு ஒரு கெட்ட குணம், காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் மலைநாட்டில் ஈரத்துக்குக் குறைவில்லை. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும். நூற்றுக்கு நாலு பங்கு தண்ணீர்கூட வேண்டாம், அதற்குள்ளேயே 140 பாகைக்கு இறங்கிவிடலாம். கினிகத்தேனை இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பிப் போனால் சூடேறி ஒயில் கொதிக்கும், குழாயில் ஆவி நிற்கும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும்.

2023 ஜனவரி 20இல் நானுஓயா இறக்கத்தில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ், வேனிலும் ஓட்டோவிலும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். பெரிய பஸ்களின் பிரேக் பெரும்பாலும் காற்றழுத்தத்தில் இயங்குவது, அதன் கதை வேறு. இறக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஈரம் குடித்த பழைய ஒயிலையும் குழாயில் நிற்கும் காற்றையும் வடித்தெடுக்க, கராஜில் 'எயார் எடுக்கிறது' என்று சொல்லும் வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஆள் இரண்டு வேண்டும். சில்லுக்குப் பக்கத்தில் குனிந்திருக்கும் தம்பி பிரேக்கின் நிப்பலில் குழாயை மாட்டி, மறுமுனையைப் போத்தலில் உள்ள ஒயிலுக்குள் விடுகிறான். "மிதிங்க அண்ணே... அப்பிடியே பிடிங்க." நிப்பலைத் திறந்ததும் குமிழி குமிழியாகப் பழுப்பு ஒயில் வருகிறது. பூட்டிய பிறகுதான் "விடுங்க" என்கிறான். முந்தி விட்டால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே ஏறும். மேலே உள்ள பிரேக் ஒயில் டப்பா காலியானாலும் அதே கதிதான். வடித்ததை மறுபடி ஊற்றவே கூடாது. ஒயில் பெயின்றில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போவதும், ஏபிஎஸ் உள்ள காரைக் கையேடு பார்க்காமல் தொடுவதும் வீரமல்ல.

வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். பிரேக் ஒயிலின் ஈரத்தைப் பார்க்கப் பேனா அளவு கருவி போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதே வரிசையில் இதையும் பார்க்க மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் ஏற்பாடு செய்யட்டும், முதலில் நுவரெலியா மாவட்டத்திலாவது.