கடைசி ஊசியின்போது கூடவே இருங்கள்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு; 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று நாயின் பெயரையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மண்ணில், வளர்த்த நாய் செத்து அழுகிறவரைப் பார்த்து ‘நாய்க்குப் போய் இவ்வளவு அழுகையா?’ என்று கேட்பது எனக்குப் பொறுக்கவே முடியாத பேச்சு. அழட்டும், விடுங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதாகி, பின்னங்கால் விழுந்து, தயிர்ச்சோற்றைக்கூட முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கட்டத்தில் கருணைக்கொலைதான் வழி என்று மருத்துவர் சொல்லக்கூடும். முதலில் மயக்க ஊசி. பிறகு முன்னங்கால் ரத்தக்குழாயில், அளவு கூட்டிய மயக்க மருந்து. சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். அதைப் பார்க்கத் தாங்காமல் வெளியே போய்விடுகிறவர்கள் நிறைய. அந்த மனசு புரியாமல் இல்லை. ஆனால் அறிமுகமில்லாத அந்த மேசையில், மருந்து வாசனைக்கு நடுவே, நாய்க்குத் தெரிந்தது உங்கள் குரல் மட்டும்தான். காதுக்குப் பின்னால் வழக்கமாகத் தடவும் இடத்தில் தடவிக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளிடம் ‘ஊருக்குப் போயிருக்கு’ என்று பொய் சொல்லாதீர்கள். செத்துப்போச்சு என்றே சொல்லி, அவர்களோடு சேர்ந்து அழுங்கள்.