எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு ஜிம்மா?

“எம்.ஏ. தமிழ் படிச்சிட்டு ஜிம்முல வேலையா?” இதைக் கேட்டது அவள் அப்பா இல்லை, மாமியாரும் இல்லை. நான்தான். 6 ஆண்டுகளுக்கு முன் துறை அறையில் வைத்து ஒரு மாணவியிடம் கேட்டேன். பி.எட். சேர், நெட் எழுது என்று அறிவுரையும் சொல்லி அனுப்பினேன். பெண்ணுடல், பெண்மொழி என்று நான் மேடைமேடையாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

நல்லவேளை, அவள் கேட்கவில்லை. இன்று எந்த ஜிம்மிலும் சம்பளத்துக்கு இல்லாத, சான்றிதழ் பெற்ற தனிப் பயிற்சியாளர். ஸ்கூட்டியில் ரப்பர் பட்டைகளும் இரண்டு ஜோடி டம்பெல்லும் ஏற்றிக்கொண்டு வீடுவீடாகப் போகிறாள். தோள் இறுகிப்போய்க் கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியாமல் நான் பிசியோதெரபி முடித்து வந்தபோது, வாரம் இரண்டு நாள் என் வீட்டுக்கும் வரத் தொடங்கினாள்.

முதல் நாள் எடை பார்ப்பாள் என்று நினைத்து வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தாளை எடுத்து 7 கேள்விகள் கேட்டாள். நெஞ்சு வலிக்குமா, தலைசுற்றுமா, மாத்திரை எடுக்கிறீர்களா, மூட்டுத் தொந்தரவு உண்டா என்று போயின. அவள் படித்த படிப்பு அதுதான்: எங்கே தொடலாம், எங்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது. அவள் எழுதியது அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் தேர்வு. 150 கேள்விகள், 3 மணி நேரம். அதற்கு முன்பே இதய இயக்க மீட்புப் பயிற்சிச் சான்று வேண்டும். 2 ஆண்டுக்கு ஒருமுறை, 20 மணி நேரம் மேற்கொண்டு படித்ததைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் கை பருத்த ஆணிடம் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. அவளிடம் மட்டும், “சர்ட்டிஃபிகேட் இருக்கா? கல்யாணம் ஆயிடுச்சா?” என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள்.

ஜிம்மை விட்டு ஏன் வெளியே வந்தாய் என்றேன். கட்டணத்தில் பெரும்பங்கை முதலாளி எடுத்துக்கொண்டதைச் சொன்னாள். ‘லேடீஸ் பேட்ச்’ மட்டுமே அவளுக்குத் தரப்பட்டதையும் சொன்னாள். அந்த பேட்ச் எப்போது? காலை 10 முதல் 12 வரை, ஆண்கள் வராத வெறும் நேரம். வருமானம் வருவது விடியற்காலை 5 முதல் 9, மாலை 5 முதல் 9. வீடு பெண்ணை அடுப்படியில் எதிர்பார்க்கும் நேரமும் அதுதானே! இந்தத் தொழிலில் பெண்கள் ஏன் குறைவு என்று யாராவது கேட்டால், ஆர்வத்தைத் தேட வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள்.

தனியாக நடத்துவதைச் சுதந்திரம் என்று நான் கவிதை எழுதத் தயாராக இல்லை. வைப்புநிதி கிடையாது, பேறுகால விடுப்பு கிடையாது, முதுகு பிடித்துக்கொண்டால் அந்த மாதம் பட்டினி. புதிய வீட்டுக்குப் போகுமுன் அங்கே யார் யார் இருப்பார்கள் என்று விசாரித்துத் தங்கைக்கு இருப்பிடம் அனுப்பிவிட்டுத்தான் மணியடிக்கிறாள்.

“அடுத்தவங்க உடம்பத் தொடுற வேலை” என்றார் என் சக பேராசிரியை ஒருவர், முகம் சுளித்து. அந்தச் சுளிப்பு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். பிரசவம் பார்த்த மருத்துவச்சியைப் புறவாசல் வழியாக வரச்சொன்ன அதே சாதிப் புத்தி.

நம்மவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. ஜிம் என்றால் அழகுச் சந்தை, ஒல்லி இடுப்பு வியாபாரம் என்று பெண்ணியவாதிகளாகிய நாம் ஒரே வரியில் கழித்துக்கட்டினோம். சுவரொட்டிகளைப் பார்த்தால் பாதி உண்மைதான். ஆனால் சந்தையை விலக்கும்போது வலிமையையும் சேர்த்தல்லவா விட்டுக்கொடுத்தோம்? கேசாதிபாத வருணனையை நான் 18 ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். பெண்ணின் இடை கொடியாகி, மின்னலாகி, கடைசியில் இல்லாமலே போய்விடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த இல்லாத இடைதான் குடம் சுமந்தது. சித்தாளின் தலையில் செங்கல் ஏறும்போது பெண் பலவீனமானவள் என்று எவரும் தடுத்ததில்லை, கூலி கொடுக்கும்போது மட்டும் அது நினைவுக்கு வரும். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதலைச் சேர்த்ததே 2000இல்தான். அந்த முதல் வாய்ப்பிலேயே கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் 2 நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கூட்டங்களில் இதை எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

போன மாதம் ஒரு சொல் கேட்டு வந்தாள். “அம்மா, பெல்விக் ஃப்ளோருக்குத் தமிழ்ல என்ன சொல்றது?” இடுப்புத்தளத் தசை என்றேன். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதைக் கணவனிடமும் மருத்துவரிடமும் சொல்லாத பெண்கள், மூன்றாம் வாரம் இவளிடம் மெல்லச் சொல்கிறார்களாம். பெரும்பாலும் பாயைச் சுருட்டும்போது. அவர்களை முதலில் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புகிறாள், பிறகு பயிற்சி தருகிறாள். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று 44 வயதில் அவள் சொல்லித்தான் தெரிந்தது.

என்னிடம் பணம் வாங்க முதலில் மறுத்தாள். “உங்ககிட்டப் போய் எப்படிம்மா…” வகுப்பெடுத்ததற்கு நான் சம்பளம் வாங்கினேனா இல்லையா என்று கேட்டபின் வாங்கிக்கொண்டாள். ஜனவரியிலிருந்து கட்டணத்தை ஏற்றப்போகிறாளாம். ஏற்றட்டும்.