ஓடும் நாய்க்கு ஒரு காவலர் வேண்டும்

அலாஸ்காவில் 1973ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஐடிட்டறொட் எனும் சறுக்குவண்டி நாய்ப் பந்தயம் நடைபெற்று வருகின்றது. உறைபனியினூடே நோம் நகர்வரை ஏறத்தாழ ஆயிரம் மைல் தூரத்தை நாய்கள் வண்டியிழுத்துக் கடக்கின்றன. இது வதையல்லவா என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. ஆயினும், அப்பந்தயத்தில் மிருக வைத்தியருக்கு அளிக்கப்பட்டுள்ள இடத்தையும் நாம் கவனித்தல் வேண்டும்.

புறப்படுமுன் ஒவ்வொரு நாய்க்கும் இரத்தப் பரிசோதனையும் இருதயத் துடிப்புப் பதிவும் செய்யப்படுகின்றன. வழியிலுள்ள தரிப்பிடங்களில் வைத்தியர்கள் பாதம், மூட்டு, சுவாசம் ஆகியவற்றைச் சோதித்து, ஓட்டுநர் சுமந்துவரும் குறிப்பேட்டில் பதிகின்றனர். 24 மணி நேர ஓய்வு ஒன்றும் 8 மணி நேர ஓய்வு இரண்டும் கட்டாயமானவை. வைத்தியர் தகுதியற்றது எனக் கண்ட நாய் அங்கேயே நிறுத்தப்பட்டு, விமானமூலம் திருப்பியனுப்பப்படுகின்றது.

நாய்கள் தாமே விரும்பி ஓடுகின்றன என்பர் பந்தயக்காரர். விருப்பம் உண்மையே, ஆனால் ஆபத்தும் அதிலேயே உள்ளது. நெடுந்தூரம் ஓடும் நாய்களிடையே இரைப்பைப் புண் பரவலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வெளியே அறிகுறி எதுவும் தெரியாமலே அது முற்றக்கூடும். நோவை எடுத்துரைக்க இயலாத பிராணிக்காக, வெற்றியில் பங்கில்லாத ஒருவர் பேசியாக வேண்டும். இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் 2024இல் அப்பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன. அவ்வாறாயின், ஏற்பாடுகள் குன்றிய இடத்தில் என்ன நிகழும்?

விடை சிட்னிக்கு அருகிலேயே உள்ளது. நியூ சவுத் வேல்ஸின் கிறேஹவுண்ட் பந்தயத்தை ஆராய்ந்த முன்னாள் நீதியரசர் மைக்கல் மக்ஹியூ 2016இல் அறிக்கை வெளியிட்டார். போதிய வேகமின்மையால் பன்னிரண்டு ஆண்டுகளில் 48,000இற்கும் 68,000இற்கும் இடைப்பட்ட நாய்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்றது அது. அவ்வாண்டு ஜூலையில் அரசு தடையை அறிவித்தது, ஒக்டோபரில் கைவிட்டது. கண்காணிப்புக்கென ஓர் ஆணைக்குழு 2018இல் இயங்கத் தொடங்கியது.

காயமுற்ற நாயை வைத்தியர் காப்பாற்றலாம். தோற்ற நாயைக் காப்பாற்றச் சட்டமே வேண்டும். வைத்தியரின் சொல்லுக்குப் பந்தயத்தை நிறுத்தும் அதிகாரமும், ஓடி ஓய்ந்த நாய்க்கு வாழ்நாள் முழுதும் பராமரிப்பும் உறுதியாகாதவரை அப்பந்தயம் நடைபெறலாகாது என்பதே எமது கருத்து. நம் பிள்ளைகள் நாளை இந்நாட்டின் வாக்காளர்கள். வென்ற நாய்க்குக் கைதட்டுமுன், தோற்ற நாய் எங்கே என்று கேட்க அவர்களைப் பழக்குவோம்.