நடுக்குவாதமும் நாட்டமின்மையும்

சென்ற திங்கள் இப்பகுதியில் நீரிழிவு நோயாளர் தம் பாதங்களைக் காத்துக்கொள்ளும் முறை பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அம்மையார் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து நாம் வெளியே வருகையில் நிறுத்தி, "தம்பி, காலைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்களேன். நாலு வீட்டுக்கு உதவும்" என்றார். எழுதலாம்தான், ஆனால் எழுதப் புகுந்தால் நம்முடைய குற்றத்தையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும். "அதையும் எழுதுங்கள்" என்று சிரித்தார் அம்மையார். ஆகவே அவரும் அவர் கணவரும் இசைந்தபடி, பெயரை மட்டும் விடுத்து எழுதுகின்றோம்.

பெரியவர் இரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியாத்தம் பக்கத்திலிருந்து இளமையிலேயே இவ்வூருக்கு வந்தவர். ஒக்கலிபுரத்தில் இருப்புப் பாதையை ஒட்டிய தெருக்களில் நம் சங்கத்தின் சந்தாவைப் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று வாங்கி வந்தவர் அவரே. மழையாயினும் வெயிலாயினும் திங்களின் முதல் ஞாயிறன்று நீல அட்டை நோட்டுடன் வந்துவிடுவார். பணம் இல்லை என்று சொல்லும் வீட்டிலும் அமர்ந்து, ஒரு வாய் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி எழுவார். அந்தக் காபிக்கு அஞ்சியே சந்தாவை முன்கூட்டி எடுத்து வைத்தவர்கள் நம் தெருவில் உண்டு.

நான்காண்டுகளுக்கு முன்பு அவருக்கு வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. மருத்துவர் பார்க்கின்சன் நோய் என்றார். நம் பெரியோர் நடுக்குவாதம் என்று வழங்கியது இதனையே. மாத்திரை கொடுத்தார்கள், நடுக்கம் குறைந்தது. தேநீர்க் குவளையைச் சிந்தாமல் பிடிக்கும் அளவுக்குத் தேறினார். ஆனால் அதன்பின் சந்தாவுக்கு வரவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை, பொங்கல் விழாவுக்கும் வரவில்லை. கை தேறியவர் ஏன் வரவில்லை? முந்திய ஆண்டுத் தேர்தலில் அவருக்குத் துணைத் தலைவர் பதவி கிடைக்கவில்லை. அந்த மனத்தாங்கல் என்றே செயற்குழுவில் எல்லோரும் முடிவு கட்டினோம்.

நோட்டை வாங்கி வரும் வேலை நம்மிடம் வந்தது. சென்றோம். பெரியவர் சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை, கையில் செய்தித்தாளும் இல்லை. "நலமா ஐயா?" என்றோம். "நலம்" என்றார். "நோட்டு எங்கே?" "அலமாரியில்." எழவில்லை. அமரச் சொல்லவும் இல்லை. முகத்தில் சினமும் இல்லை, மகிழ்வும் இல்லை. நாமே அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினோம். செயற்குழுவில் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று முதலில் சொன்ன வாய் நம்முடையதே. பிறகு ஓராண்டுக்கு மேல் அவ்வீட்டுப் படியை நாம் மிதிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறோம்.

வீட்டுக்குள்ளே நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. தம்மேல் ஏதோ கோபம் என்று அம்மையார் எண்ணினார். மருமகளோ தம் சமையல் பிடிக்கவில்லை என்று எண்ணினார். நம் சங்கத்துத் திருக்குறள் போட்டியில் பரிசு பெற்ற மகன், ஊக்கமுடைமை, மடியின்மை ஆகிய இரண்டு அதிகாரங்களையும் தந்தையின் எதிரில் நாள்தோறும் ஒப்பிக்கத் தொடங்கினான். பேத்தி பள்ளியில் முதற்பரிசு வாங்கி ஓடிவந்து காட்டியபோது பெரியவர் "நல்லது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். குழந்தை அன்று உண்ணாமல் உறங்கிற்றாம்.

உண்மை யாதெனில், அது கோபமும் அன்று, தலைக்கனமும் அன்று, மடியும் அன்று. நோயின் ஒரு பகுதி அது. பார்க்கின்சன் நோயாளர் நூற்றுவரில் ஏறக்குறைய நாற்பது பேருக்கு இந்த நாட்டமின்மை வருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கின்றனர். வள்ளுவர் கடிந்த மடி, எழ இயன்றும் எழாதவனுடையது. இங்கே எழ வேண்டும் என்னும் எண்ணமே பிறப்பதில்லை. மணி அடித்தும் பச்சைக் கொடி காட்டியும் வண்டி புறப்படாவிடில், நம் நிலையத்தில் எவரும் ஓட்டுநரைச் சோம்பேறி என்பதில்லை. பிரேக் எந்தப் பெட்டியில் பிடித்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் 1817-இல் இந்நோயைப் பற்றி முதன்முதல் விரிவாக எழுதியபோது, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றே எழுதினார். அதனாலோ என்னவோ, நெடுங்காலம் எல்லோரும் கைகால்களையே பார்த்து வந்தனர். நடு மூளையில் கருநிறமாக ஒரு சிறு பகுதி இருக்கிறது. டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அங்கே அழிவதால் நடுக்கமும் இறுக்கமும் வருகின்றன. ஆனால் டோபமைன் அசைவுக்கு மட்டும் உரியதன்று. ஒன்றை விரும்புவதற்கும், விரும்பியதற்காக முயல்வதற்கும் அதுவே வேண்டும். அது குறைந்தால், கால் நடக்க வல்லதாயினும் நடக்கத் தூண்டுவது எதுவும் உள்ளே இராது.

இவ்விடத்தில் நம்மவர் பெருமை ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இந்நோய்க்கு இன்றும் தலையாய மருந்து லெவோடோபா. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937-இலேயே அதைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினர். நடுக்குவாதத்துக்கு அது மருந்தாகும் என்று அன்று உலகில் எவரும் அறியார். 1961-இல் வியன்னாவிலும், 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாசு என்பவராலும் அது நோயாளருக்குக் கொடுக்கப்பட்ட பிறகே அதன் அருமை வெளிப்பட்டது. இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் பூனைக்காலிப் பொடி வாங்க ஓடாதீர்கள். அதிலுள்ளதும் மாத்திரையில் உள்ளதும் ஒரே பொருள். மருத்துவர் அறியாமல் இரண்டையும் சேர்த்து உண்டால் அளவு மீறிப்போகும்.

பெரியவர் வீட்டுக்கு மீண்டும் வருவோம். மகனுக்கு இரவு வேலை இருந்த ஒரு நாளில், அம்மையார் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். "மருத்துவமனைக்குத் துணை வர வேண்டும் தம்பி. எனக்குக் கன்னடமும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது" என்றார். ஓராண்டு பேசாதிருந்த வெட்கத்தோடு உடன் சென்றோம். நரம்பியல் மருத்துவர் கையைப் பார்த்தார், நன்று என்றார். அவ்வளவில் எழுந்துவிட இருந்தோம். அப்போது அம்மையார், "கை நன்றாகத்தான் இருக்கிறது. மனிதர்தான் இல்லை என்று சொல்லுங்கள் தம்பி" என்றார். அதை நமக்குத் தெரிந்த கன்னடத்தில் அப்படியே சொன்னோம். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

அதன்பின் அரைமணி நேரம் கேள்விகள் கேட்டார். அழுகிறாரா? உயிர் வாழ்ந்து என்ன என்று சொல்கிறாரா? தம்மைத் தாமே நொந்துகொள்கிறாரா? இவை ஒன்றும் இல்லை. மனச்சோர்வு நோய் கொண்டவர் துன்பப்படுவார். நாட்டமின்மை கொண்டவருக்கு அத்துன்பமும் இராது, துன்பமெல்லாம் உடன் இருப்பவர்களுக்கே என்று மருத்துவர் விளக்கினார். இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் நாட்டமின்மையைச் சிலருக்கு மிகுவிக்கவும் கூடுமாம். தைராய்டு சுரப்பி, இரத்தத்தில் பி12 உயிர்ச்சத்து ஆகியவற்றைச் சோதித்தார். லெவோடோபா மாத்திரையை உணவோடு சேர்த்து விழுங்கியதால் அது சரியாக ஏறவில்லை என்று கண்டு, உண்பதற்கு முன்னதாகக் கொடுக்கும்படி நேரத்தை மாற்றினார். பாதி மாற்றம் அதிலேயே தெரிந்தது என்பது அம்மையாரின் கணிப்பு.

எஞ்சிய பாதிக்காக, இரண்டு திங்கள் கழித்து, ஊக்கி வகை மருந்து ஒன்றை மருத்துவர் எடுத்துரைத்தார். அதன் பெயர் மெத்தில்பெனிடேட். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் பனிசோன் என்பவர் 1944-இல் உருவாக்கியது. ரீட்டா என்ற தம் மனைவியின் பெயரால் அதற்கு ரிட்டலின் என்று பெயர் வைத்தார். ஓரிடத்தில் அமராத, கவனம் நிலைக்காத பிள்ளைகளுக்குக் கொடுப்பதே அதன் பெரும் பயன். துள்ளும் பிள்ளைக்கும் அசையாத முதியவருக்கும் ஒரே மருந்தா என்று நமக்கும் வியப்பாகவே இருந்தது. நரம்பணு தான் வெளிவிட்ட டோபமைனைச் சிறிது நேரத்தில் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த வாயிலை இம்மருந்து அடைக்கிறது; உள்ள சிறிதளவு டோபமைன் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்கிறது. ஆனால் நடுக்குவாதக்காரருக்குச் சுரப்பதே குறைவு ஆதலால், எல்லோருக்கும் பலித்துவிடாது.

மருந்துக்கடையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து நமக்குச் சொன்னது இது. 2002-இல் நியூயார்க்கு மருத்துவர்களான சாட்டர்சியும் பானும், பார்க்கின்சன் நோயால் நாட்டமிழந்த ஒருவர் இம்மருந்தால் தேறினார் என்று எழுதினர். ஒரே ஒரு நோயாளரின் வரலாறு அது. 2012-இல் பிரான்சில், மூளையில் மின்முனை பதித்த 69 நோயாளருக்கு முக்கியமாக நடைக்காக இதைக் கொடுத்துப் பார்த்தனர். நடை தேறிற்று, ஆனால் நாடித்துடிப்பு கூடி உடல் எடை குறைந்தது. 2021-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அல்சைமர் என்னும் மறதி நோயால் நாட்டமிழந்த 200 பேரிடம் இம்மருந்து ஓரளவு பயன் தந்தது. ஆயின் அந்நோய் வேறு. ரிவாசுட்டிக்மின் என்னும் மறதி நோய் மருந்தைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்து, மறதியில்லாத நடுக்குவாதக்காரர் முப்பதுபேரிடம் நாட்டம் கூடக் கண்டது 2014-இல் வெளியான மற்றொரு பிரெஞ்சு ஆய்வு. எல்லா மருத்துவரும் ஒருமுகமாக ஒப்பிய மருந்து இதுவரை எதுவும் இல்லை. காபியும் ஊக்கிதானே என்று கேட்கும் அன்பருக்கு: அதையும் சோதித்தார்கள். காபியின் சத்து நடுக்குவாதத்தின் அசைவுக் குறைகளைத் தீர்க்கவில்லை என்று 2017-இல் முடிவு வந்தது. சுவைக்காகக் குடியுங்கள்.

ஊக்கி மருந்தில் அபாயம் உண்டு. இப்பத்தியை வாசகர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். நடுக்குவாதக்காரர் பலர் ரசகிலின் அல்லது செலிகிலின் என்னும் மாத்திரையை உண்டு வருகின்றனர். அவற்றோடு மெத்தில்பெனிடேட் கூடாது; இரத்த அழுத்தம் அபாய அளவுக்கு ஏறக்கூடும். பெரியவருக்கும் ரசகிலின் இருந்தது. அதனை நிறுத்தி, பதினான்கு நாள் இடைவெளி விட்ட பின்னரே புதியது தொடங்கப்பட்டது. இதயத்தை மின்பதிவு செய்து பார்த்தார்கள். கண்ணழுத்த நோய் உண்டா, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றுகின்றனவா என்றெல்லாம் கேட்டார்கள். தூக்கம் கெடும், பசி குறையும், பழக்கத்துக்கு அடிமையாகவும் நேரலாம். அதனால்தான் இம்மருந்து மருந்து விதிகளின் எக்சு அட்டவணையில் இருக்கிறது; 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் இதனைக் கட்டுப்படுத்துகிறது. மருத்துவர் இரண்டு படிகள் எழுதித் தர வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் ஈராண்டு காத்து வைக்க வேண்டும். இதையறியாமல் ஒரே சீட்டோடு நான்கு கடைகள் ஏறி இறங்கினோம். நான்காம் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்த பார்வையை எளிதில் மறக்க மாட்டோம்.

இத்தகைய நோயாளரைக் காட்டுவதற்கு நம் ஊரிலேயே ஓசூர் சாலையில் நிமான்சு இருக்கிறது. 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1974-இல் இணைந்து உருவானது அது. மூளை நரம்பையும் மனத்தையும் ஒரே வளாகத்தில் பார்க்கிறார்கள். மனநோய் மருத்துவமனை என்று கூச்சப்பட்டு அங்கே செல்லாதிருக்கும் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே உண்டு. அக்கூச்சத்துக்குக் காரணமே இல்லை.

மாத்திரை மட்டும் போதாது என்று மருத்துவர் சொன்னதால், வீட்டில் ஒரு கால அட்டவணை எழுதி ஒட்டினோம். அட்டவணை எழுதுவது நம் தொழிலாயிற்றே. காலை 7-க்குப் பால் வாங்குதல், 10-க்குச் செடிகளுக்குத் தண்ணீர், மாலை 5-க்குப் பேத்தியோடு தெருமுனை வரை நடை. "போகிறீர்களா?" என்று கேட்பதில்லை, கேட்டால் "வேண்டாம்" என்பதே விடை. "மணி ஐந்து, வாங்க தாத்தா" என்று பேத்தி கையைப் பிடிக்கிறாள், எழுகிறார். மகன் குறள் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டான்.

மருந்து தொடங்கி ஆறு வாரம் இருக்கும். பிற்பகல் வேளை மாத்திரையால் உறக்கம் கெடுகிறது என்று அதைக் குறைத்திருந்தார்கள். ஒரு மாலை அவ்வீட்டுக்குச் சென்றிருந்தபோது பெரியவர், எவரும் கேளாமலே, "சந்தா இப்போது யார் வாங்குகிறார்கள்?" என்றார். அம்மையார் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். நாம் வாங்குவதாகச் சொன்னோம். "கடைசி வீட்டுக்காரர் கொடுக்கிறாரா?" என்றார். இல்லை என்றோம். "காபி கேட்க வேண்டும்" என்றார்.

பழைய பெரியவர் முழுதும் திரும்பிவிடவில்லை. சில நாட்கள் சன்னலோரமே கழிகின்றன. மாத்திரையின் வேலையா, நேரம் மாற்றியதன் வேலையா, பேத்தியின் வேலையா என்று பிரித்துச் சொல்ல மருத்துவராலும் இயலவில்லை. நீல நோட்டை அவரிடமே திரும்பக் கொடுத்துவிட்டோம். அன்று செயற்குழுவில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டோம். "எந்தச் சொல்?" என்றார். முதல் ஞாயிறன்று அவர் தம் வரிசையில் மூன்று வீடுகளுக்கு நம்மோடு வருகிறார். பிறகு நாம் தொடர்கிறோம். சென்ற திங்கள் கணக்கில் அம்மூன்று வரிகள் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. இந்நோயில் எழுத்து சிறுத்துப்போகும். எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கிறது. பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது.